எது இல்லாமல் முடியாது: நியூரம்பெர்க் வரப்போகும் தம்பிக்கு

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் வேலையில் சேருகிறீர்கள். மனைவியும் நாலு வயது மகளும் சில மாதம் கழித்து வருவார்கள். ஊரில் வீட்டுக் கடன் ஓடுகிறது, அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் முதல் இரண்டு வருஷம் அத்தியாவசியத்துக்கு மட்டும் செலவழித்து மிச்சத்தை எல்லாம் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் எது அத்தியாவசியம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் கிரைண்டர் இல்லாமல் விமானம் ஏறாதே என்கிறார். இன்னொருவர் குழந்தை வந்துவிட்டால் கார் இல்லாமல் முடியாது என்கிறார். மூன்றாமவர் ஒரு மெத்தையும் ஒரு ரைஸ் குக்கரும் போதும், மீதி எல்லாம் ஆடம்பரம் என்கிறார். உண்மையில் எது வேண்டும், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாமவர் சொல்வதுதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வந்த புதிதில் எல்லாருக்கும் ஒரு பெருக்கல் வியாதி பிடிக்கும். கண்ணில் படும் விலையை எல்லாம் நூறால் பெருக்குவது. மூன்றரை யூரோ காபி 350 ரூபாய் ஆகிவிடும், முடி வெட்டுவது 2500 ரூபாய் ஆகிவிடும். இப்படிப் பெருக்கிப் பார்த்தால் இந்த ஊரில் மூச்சு விடுவதைத் தவிர எதுவுமே அத்தியாவசியமாகத் தெரியாது. இங்கே சம்பாதித்து இங்கே செலவழிப்பதற்குப் பெருக்கல் தேவையே இல்லை. ஊருக்கு அனுப்பும் தொகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வைத்து அளப்பது? நான் இங்கே கடன் ஆலோசனை அலுவலகம் ஒன்றில் பகுதி நேரமாக வாய்மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஒரு மனுஷனுக்கு மாதம் என்ன வேண்டும் என்ற பேச்சு அங்கே தினமும் நடக்கும். அப்போதுதான் தெரிந்தது, இந்த நாட்டு அரசாங்கமே உட்கார்ந்து நீங்கள் கேட்ட அதே கேள்விக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது என்று. வேலையோ வருமானமோ இல்லாதவருக்கு அரசு தரும் அடிப்படைத் தொகை தனி ஆளுக்கு 2024 ஜனவரியிலிருந்து மாதம் 563 யூரோ. வாடகையும் ஹீட்டிங் செலவும் இதில் சேராது, நியாயமான அளவுக்குள் இருந்தால் அவற்றைத் தனியாகக் கொடுப்பார்கள். இது உங்களுக்கான உதவி இல்லை, விண்ணப்பிக்கவும் போக வேண்டாம், விசாவுக்கு வம்பு. கணக்கை மட்டும் பாருங்கள்.

அந்தத் தொகையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் குடிக்கவும் ஏறத்தாழ 195 யூரோ. துணிமணி, செருப்புக்கு 47-ஐ ஒட்டி. பஸ், ரயிலுக்குச் சுமார் 50. பொழுதுபோக்குக்கும் கலைக்கும் சுமார் 55. கல்விக்கு 2 யூரோ. அச்சுப்பிழை இல்லை, இரண்டேதான். எல்லா உள்ளூர் பஸ்ஸிலும் ரயிலிலும் செல்லுபடியாகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி 2026 ஜனவரியிலிருந்து 63 ஆகிவிட்டது. அரசு ஒதுக்கிய மொத்தப் போக்குவரத்துப் பணத்தைவிட அரசு கொண்டுவந்த டிக்கெட் விலை அதிகம். எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

இந்தத் தொகைகள் எப்படி வந்தன? முன்பு ஒரு கூடைக் கணக்கு இருந்தது. இவ்வளவு ரொட்டி, இவ்வளவு வெண்ணெய், இத்தனை சோப்பு என்று நிபுணர்கள் எழுதிக் கூட்டுவார்கள். இப்போது அப்படி இல்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டு ஒரு பெரிய கணக்கெடுப்பு நடக்கும். அதில் தனியாக வாழ்கிறவர்களில் வருமானம் மிகக் குறைந்த 15 சதவீதம் பேர் எதற்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று பார்த்து, அதிலிருந்து சிலதைக் கழித்துத் தொகை நிர்ணயிப்பார்கள். 2011-இல் பீரையும் சிகரெட்டையும் கழித்தார்கள். அதற்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. ஏழை மனுஷன் வாரத்தில் ஒரு பீர் குடிப்பது தேவையா இல்லையா என்று நாடே விவாதித்தது. நான் பீருக்காக வாதாட வரவில்லை. ஆனால் பீரைக் கழித்தவர்கள் கழித்தது பானத்தை மட்டும் இல்லை, நண்பனோடு ஒரு மேஜையில் உட்காரும் காரணத்தையும் சேர்த்துத்தான் என்று எங்கள் ஆலோசகர் ஒருவர் சொல்வார். அது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இதையெல்லாம்விட முக்கியமானது 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சட்ட நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. மனுஷ கண்ணியத்தைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவையும், சமூக நலத்தைச் சொல்லும் இருபதாம் பிரிவையும் சேர்த்து வாசித்து, கண்ணியமான குறைந்தபட்ச வாழ்க்கை ஒவ்வொருவருக்கும் உரிமை என்றது. அந்தக் குறைந்தபட்சத்தில் சோறு, துணி, கூரை, கணப்பு, சுத்தம், மருத்துவம் எல்லாம் உண்டு. அதோடு நிற்கவில்லை. மற்ற மனிதர்களோடு உறவு வைத்துக்கொள்வதும், சமூக, கலாசார, அரசியல் வாழ்க்கையில் ஓரளவாவது கலந்துகொள்வதும் அதே குறைந்தபட்சத்துக்குள்தான் என்றது. மனுஷன் என்பவன் மற்றவர்களோடுதான் மனுஷனாக இருக்கிறான் என்பது அவர்கள் சொன்ன காரணம். குழந்தைகளுக்குப் பெரியவர் தொகையில் இத்தனை சதவீதம் என்று வெட்டிக் கொடுத்துவந்த வழக்கத்தையும் அதே தீர்ப்பு கண்டித்தது. குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை, அதற்கென்று தனித் தேவைகள் உண்டு என்று எழுதினார்கள்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் திட்டத்தை அந்தத் தீர்ப்போடு வைத்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லாதவருக்கு இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு நீதிமன்றம் கோடு போட்டிருக்கிறது. நீங்கள் நல்ல சம்பளத்தோடு வந்து, அந்தக் கோட்டுக்கும் கீழே போய் நிற்கத் திட்டம் போடுகிறீர்கள். சோற்றில் குறைக்க மாட்டீர்கள், நம்மவர்கள் யாரும் குறைப்பதில்லை. குறைப்பது எல்லாம் அந்த இரண்டாவது பாதியில்தான், மனிதர்களோடு சேர்ந்திருக்கிற செலவில்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், நல்ல இஞ்சினியர், நீங்கள் சொன்ன மெத்தை, ரைஸ் குக்கர் வாழ்க்கையை அப்படியே வாழ்ந்தான். மதியம் சக ஊழியர்கள் கேன்டீனுக்குப் போகும்போது இவன் டப்பாவைத் திறந்துகொண்டு மேஜையிலேயே இருந்துவிடுவான். ஒரு சாப்பாட்டுக்கு ஏழு யூரோ மிச்சம். யாராவது வேலையை விட்டுப் போகும்போது அன்பளிப்புக்கு உண்டியல் சுற்றும், அந்த நேரம் பார்த்து எழுந்து போய்விடுவான். ஜெர்மன் வகுப்புக்குச் சேரவில்லை, ஆபீஸில் இங்கிலீஷ்தானே. நிறைய சேர்த்தான், ஊரில் நிலமும் வாங்கினான். அப்புறம் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு ஒருத்தரும் இல்லை, நேர்காணலில் ஜெர்மனில் பேச வாயும் வரவில்லை. இங்கே வேலைகள் பாதி விளம்பரத்தில் வரும், மீதி அந்தக் கேன்டீன் மேஜையில் வரும். டப்பா சாப்பாடு தப்பு என்று சொல்லவில்லை. நானும் டப்பாதான் கொண்டுபோகிறேன், ஆனால் கேன்டீனுக்குக் கொண்டுபோய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். யாரும் தடுப்பதில்லை.

இப்போது உங்கள் மகள். கீட்டா என்று இங்கே சொல்லும் பாலர் பள்ளியில் இடம் கிடைத்ததும் ஒரு தாள் தருவார்கள். அதில் மாட்ச்ஹோஸெ என்று ஒன்று இருக்கும். சேற்றில் விளையாடுவதற்கான ரப்பர் கால்சட்டை. ஊரில் நாம் கேள்விப்பட்டே இராத சாமான், வாங்காமல் விட்டால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இங்கே மழையோ பனியோ குழந்தைகளை வெளியே கூட்டிப் போய்விடுவார்கள். அது இல்லாத குழந்தை ஜன்னல் ஓரமாக நிற்கும், இல்லாவிட்டால் நனைந்து வரும். மகளைப் பொறுத்தவரை அவளுக்குப் பட்டுப் பாவாடையைவிட இதுதான் அத்தியாவசியம். ரப்பர் பூட்ஸ், பனிக்கால உடுப்பு, உள்ளே போட ஒரு செருப்பு, மாற்றுத்துணி ஒரு பை, எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். புதிதாக வாங்க வேண்டாம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குழந்தைத் துணிச் சந்தை போடுவார்கள், ஒரு வருஷம் போட்ட உடுப்பு கால் விலைக்குக் கிடைக்கும். இந்த ஊர்க்காரர்களே அங்கேதான் வாங்குகிறார்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பிறந்த நாள் விழாவும் அப்படித்தான். அவளை யாராவது அழைத்தால் பத்து யூரோவை ஒட்டி ஒரு பரிசு வாங்கி அனுப்பிவிடுங்கள். 'நமக்கு எதுக்கு இதெல்லாம்' என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டால் இரண்டாவது தடவை அழைப்பு வராது. பிறகு பள்ளி சேரும் வயதில் புத்தகப்பை விலையைப் பார்த்து உங்களுக்கு மயக்கம் வரும், புதியது 200, 250 யூரோ சொல்வார்கள். அதையும் பழையதாக வாங்கலாம். முதல் நாளன்று குழந்தை கையில் மிட்டாய் நிரப்பிய ஒரு பெரிய காகிதக் கூம்பு வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வகுப்பில் எல்லாக் குழந்தையிடமும் இருக்கும்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வாடகை வீடு என்றால் பல இடங்களில் நாலு சுவர்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது, கூரையில் விளக்குக்குப் பதில் மூன்று வயர் தொங்கும். விளம்பரத்தில் ஈபிகே என்று போட்டிருந்தால் சமையலறை உண்டு என்று அர்த்தம், கொஞ்சம் வாடகை கூடினாலும் அதையே பாருங்கள். கிடைக்காவிட்டால் முன்பு இருந்தவர் தன் சமையலறையை விற்கிறாரா என்று கேளுங்கள், கழற்றிக்கொண்டு போகிற வேலை மிச்சம் என்று குறைத்தே தருவார். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீட்டே, அதாவது இதர செலவு சேராத வெறும் வாடகை. அதை மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. கையில் இருக்கிற பணத்தை முதல் நாளே மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குளிருக்குச் சட்டை இல்லாமல் நிற்க வேண்டாம்.

காசே இல்லாமல் கிடைக்கிற ஒரு அத்தியாவசியம் உண்டு, யாருடைய பட்டியலிலும் அது இருக்காது. தபால் பெட்டியிலும் காலிங்பெல்லிலும் உங்கள் பெயர். இங்கே கதவு எண் சொல்லித் தபால் வராது, பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், இன்ஷூரன்ஸ் அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். வரி எண் போய்ச் சேராவிட்டால் ஆபீஸில் மிக உயர்ந்த வகுப்பில் வரியைப் பிடித்துவிடுவார்கள், பிறகு திரும்ப வாங்கலாம் என்றாலும் முதல் சம்பளம் பாதியாகத் தெரியும். நம் இனிஷியல் குழப்பம் வேறு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறதோ அதையே ஒட்டுங்கள். வீட்டுக்குப் போன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு, ஆன்மெல்டுங், அது கட்டாயம்.

கட்டாயம் இல்லாத, ஆனால் விடவே கூடாத ஒன்று ஹாஃப்ட்ஃபிலிஷ்ட். நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான இன்ஷூரன்ஸ். மாதம் சில யூரோதான், குடும்பம் முழுவதுக்கும் சேரும். உங்கள் கவனக்குறைவால் அடுத்தவருக்கு நஷ்டம் என்றால் நீங்கள் ஈடு கட்ட வேண்டிய தொகைக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. சைக்கிளில் ஒருவரை இடித்தாலும், அடுக்குமாடி வீட்டுப் பொதுப் பூட்டின் சாவியைத் தொலைத்தாலும், ஆயிரக்கணக்கில் போகும். இதற்கு நேர் எதிர் ஒலிபரப்புக் கட்டணம். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. உங்களுக்கு அது தேவையா என்று யாரும் கேட்க மாட்டார்கள், கடிதம் வரும், கட்டிவிடுங்கள்.

பெட்டியில் என்ன கொண்டுவருவது? அரிசி, பருப்பு, இட்லி அரிசி எல்லாம் இங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. அதற்காகக் கிலோவை வீணாக்காதீர்கள். நெய், பால் சாமான், இறைச்சி, கருவாடு கொண்டுவரலாமா என்று கேட்பீர்கள். ஐரோப்பிய யூனியனுக்குள் பயணப் பெட்டியில் பாலும் இறைச்சியும் கொண்டுவரத் தடை, நெய்யும் அதில் அடக்கம். மீனுக்கு அளவு வரம்பு மட்டும் உண்டு. கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும், அம்மா ஆசையாக வைத்துக் கொடுத்தாலும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் இரண்டு ஜோடி செய்துகொண்டு வாருங்கள், இங்கே பெரியவர்களின் கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கொடுக்காது. பல் வேலை இருந்தால் ஊரிலேயே முடித்துவிடுங்கள். சான்றிதழ் அசல்கள் கைப்பையில். குக்கர் கொண்டுவரலாம், அலுமினியம் வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் சூடே ஏறாது, அடி தட்டையான ஸ்டீலாகப் பாருங்கள். குளிர் ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் விற்பது கொடைக்கானலுக்குத்தான் சரிப்படும். ஜாக்கெட்டைவிட ஷூவுக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும்.

கிரைண்டரா? மின்சாரம் ஒத்துப்போகும், பிளக்கை மாற்றினால் போதும். ஆனால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அமைதி நேரம். நமக்கு மாவு ஆட்ட நேரம் கிடைப்பதோ ஞாயிறுதான். சனிக்கிழமை பகலில் ஆட்டிக்கொள்ள முடியுமென்றால் கொண்டுவாருங்கள். இட்லி இல்லாமல் உங்கள் மனைவிக்கு இங்கே மனசு நிற்காது என்றால் அது அத்தியாவசியம்தான், இதில் நான் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஏனென்றால் தேவை என்று எதைச் சொல்கிறோம் என்பதற்குச் சட்டமே ஒரு சுவாரஸ்யமான பட்டியல் வைத்திருக்கிறது. கடன் கட்ட முடியாதவர் வீட்டுக்கு அமீனா வந்து ஜப்தி செய்வது இங்கேயும் உண்டு. எதைத் தொடக்கூடாது என்பதுதான் விஷயம். உடுதுணி, படுக்கை, சமையல் சாமான், தொழிலுக்கு வேண்டிய கருவி, மூக்குக் கண்ணாடி, கல்யாண மோதிரம், வீட்டில் வளர்க்கும் பிராணி. சாதாரண டிவியையும் விட்டுவிடுவார்கள், செய்தி தெரிந்துகொள்வது உரிமை என்பதால். 2021 முடியும் வரை ஒரு கறவைப் பசுவோ, அதற்குப் பதிலாக இரண்டு பன்றியோ ஆடோகூட அந்தச் சட்டத்தில் இருந்தது. நம் ஊர் 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் பாருங்கள், கிட்டத்தட்ட இதே பட்டியல்: உடுதுணி, பாத்திரம், படுக்கை, உழவனுடைய மாடும் விதை நெல்லும், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்ற முடியாத நகை. தாலி வயிற்றை நிரப்பாது, குளிரையும் தாங்காது. இருந்தாலும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே அதைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தது.

நமக்கு முன்னால் இங்கே வந்த ஈழத்தமிழர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எண்பதுகளில் பலர் கிழக்கு பெர்லினில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கே கடந்து வந்தார்கள். பொது விடுதியில் ஒரு அறைக்கு நாலைந்து பேர், வேலை செய்ய அனுமதி வரும்வரை காத்திருப்பு, ஒதுக்கிய வட்டாரத்தைத் தாண்ட அதிகாரியிடம் சீட்டு. அகதிகளுக்கென்று 1993-இல் தனிச் சட்டம் வந்து, யூரோவுக்கு முன்பிருந்த மார்க் நாணயக் கணக்கில் ஒரு தொகை வைத்தார்கள். யூரோ வந்து பத்து வருஷமான பிறகும் அந்தத் தொகை ஏறவே இல்லை. 2012 ஜூலை 18-ஆம் தேதி அதே கார்ல்ஸ்ரூ நீதிமன்றம், இது போதாது என்பது பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லி, குடியேற்றக் கொள்கைக்காக மனுஷ கண்ணியத்தைக் குறைக்க முடியாது என்றது. அந்த நிலைமையில் இருந்தவர்கள் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் எதைச் செய்தார்கள்? கடை போட்டார்கள், வீடு வாங்கினார்கள், அதெல்லாம் உண்டு. அதோடு வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைத் தொடங்கினார்கள், பரதமும் மிருதங்கமும் சொல்லிக்கொடுத்தார்கள். ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது, தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். விடுதி அறையில் சோற்றுக்கு எண்ணிச் செலவழித்தவர்களுக்கு இதெல்லாம் ஆடம்பரமாகத் தெரியவில்லை. நியூரம்பெர்க்கிலும் சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறார்கள், ஈழத்தவரும் நம்மவரும். வந்ததும் தேடிப் போங்கள், அதற்கு ஆகும் ரயில் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அடுத்தது ஊருக்கு அனுப்பும் பணம். இதைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அனுப்புகிறவள்தான். ஆனால் ஊரிலிருந்து வருகிற எல்லாக் கேட்பும் ஒரே மாதிரி இல்லை. வீட்டுக் கடன் தவணை, அப்பா அம்மாவின் மாத்திரை, அவர்களுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ், இவை தேதி தவறாமல் போக வேண்டியவை. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இன்னும் எடுக்கவில்லை என்றால் விமானம் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும், இருக்கிற வியாதிக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. மச்சான் கல்யாணத்துக்கு எத்தனை பவுன், மாடியில் இன்னொரு மாடி, ஐபோன், இதெல்லாம் வேறு வரிசை. இரண்டையும் ஒரே தொகையாக அனுப்பினால் ஊரில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, உங்களுக்கும் சில மாதத்தில் மறந்துவிடும். தனித்தனியாக அனுப்புங்கள், என்னத்துக்கு என்று சொல்லி அனுப்புங்கள். வாடகை போக இவ்வளவுதான் நிற்கிறது என்று அப்பாவிடம் சம்பளச் சீட்டைக் காட்டுவதில் தப்பே இல்லை. வரியும் சமூகக் காப்பீடும் பிடித்தது போகக் கையில் வருவதைப் பார்த்தால் அவரே கேட்பது குறைந்துவிடும்.

இன்னொரு தனி ஒதுக்கீடு ஊருக்குப் போகிற டிக்கெட். அவசரமாக ஒரு ராத்திரியில் கிளம்ப வேண்டி வந்தால் ஒருவர் போய் வர ஆகும் பணத்தை முதல் சில மாதத்திலேயே ஒதுக்கிவிட்டு, அதன்மேல் கை வைக்காமல் இருங்கள். வேறு எந்தச் சேமிப்பும் அதற்குப் பிறகுதான்.

ஜெர்மன் வகுப்பு. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல என்ற நகர மக்கள் கல்லூரியில் தனியார் வகுப்பைவிட நல்ல குறைச்சல். உங்களுக்கு நேரம் இல்லையென்றாலும் மனைவிக்கு வந்த வாரத்திலேயே சேர்த்துவிடுங்கள். நீங்கள் ஆபீஸ் போய்விடுவீர்கள், மகள் ஆறு மாதத்தில் பேச ஆரம்பித்துவிடுவாள், வீட்டில் வாய் மூடி உட்காரப்போவது அவர்தான். நவம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும், அந்த மாதங்களில் பகலில் போய் உட்கார ஒரு இடமும், பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேரும் இல்லாத பெண்களை எங்கள் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பு என்றால் அதுவும் கிடைக்கும். இரண்டு வருஷத் திட்டத்தில் 'மனைவி மொழி: பிறகு பார்க்கலாம்' என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் முதலில் அடியுங்கள்.

கார் இப்போதைக்கு வேண்டாம். நியூரம்பெர்க்கில் ஊபான் என்கிற மெட்ரோ ரயிலும் டிராமும் நன்றாக ஓடுகின்றன. நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறிய முதல் ஆறு மாதம் வரைதான் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதி இந்த ஊர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கே ஒரு பழைய ஸ்கூட்டர் விலை ஆகும். நகரத்துக்கு வெளியே கிராமத்தில் வீடு கிடைத்தால் மட்டும் இந்தப் பதில் மாறும், அப்போது எழுதுங்கள்.

கடைசியாக, கீட்டா. ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் இடம் கிடைப்பது வேறு கதை, வரிசை நீளம். மனைவியின் விசா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முகவரிப் பதிவு முடிந்த அன்றைக்கே நகராட்சியின் இணையப் பதிவில் மகள் பெயரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் நாலைந்து கீட்டாக்களுக்கு நேரில் போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். ஜெர்மன் வராவிட்டால் பரவாயில்லை, போகும்முன் சொல்லுங்கள், என்ன பேச வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.